கல்குவாரியிலிருந்து வரும் செம்மஞ்சள் தண்ணீர்: அமிலமா, வெறும் இரும்பா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அம்பாறைப் பக்கத்தில் ஒரு கல்குவாரிக்கும் அதையொட்டிய கிரவல் கிடங்குகளுக்கும் கீழே ஓடும் வாய்க்காலில் செம்மஞ்சள் படிவு, மேலே எண்ணெய் போல ஒரு படலம். வெளிநாடுகளில் சுரங்க அமிலம் ஆறுகளைக் கொன்ற காணொளிகளைப் பார்த்திருக்கிறீர்கள். இங்கேயும் அதுதான் நடக்கிறதா, ஈயமும் கட்மியமும் வயலுக்கும் வாவி மீனுக்கும் போய்விடுமா என்பது கேள்வி. இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் அமிலச் சுரங்க நீர்தானா என்பது ஒன்று. அப்படியானால் அதிலுள்ள உலோகம் எங்கே போய்ச் சேரும் என்பது மற்றது. நிறத்தை வைத்து இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. தண்ணீரைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதும் சரியில்லை. ஆனால் எதை அளந்தால் விடை கிடைக்கும் என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

அமிலச் சுரங்க நீர் உருவாக மூன்று காரியங்கள் கூடவேண்டும்: கல்லிலோ மண்ணிலோ சல்பைட்டுக் கனிமம், அதிலும் முக்கியமாகப் பைரைற்று என்ற இரும்புச் சல்பைட்டு, அதைத் தொடும் காற்றும் ஈரமும், உண்டாகும் அமிலத்தை அங்கேயே முறிக்கப் போதுமான சுண்ணாம்புக் கனிமம் இல்லாத நிலை. நிலத்துக்கு அடியில் ஒட்சிசன் படாமல் கிடக்கும்வரை பைரைற்று சும்மா இருக்கும். தோண்டி, உடைத்து, குவித்து வைத்தால் ஒட்சியேற்றம் தொடங்கும். கந்தகம் சல்பூரிக்கமிலமாகிறது, இரும்பு கரைந்து வெளியேறுகிறது. அந்த இரும்பு அடுத்த நிலைக்கு ஒட்சியேறிய பிறகு அதுவே பைரைற்றைத் தாக்கத் தொடங்கிவிடும். அப்போது காற்றுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையும் குறைந்துவிடுகிறது. பிஎச் என்பது அமிலத்தை அளக்கும் எண்: 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும். பிஎச் 4இற்குக் கீழே இரும்பு தானாக ஒட்சியேறுவது மிக மெதுவானது. ஆனால் அமிலத்தில் வாழும் ஒருவகைப் பற்றீரியா அந்த வேகத்தைப் பத்து இலட்சம் மடங்கு வரை கூட்டிவிடும். ஒரு சுரங்கம் மூடி நூறு வருடம் கழிந்தும் அமிலம் வடிவதற்கு இந்தச் சுழற்சிதான் காரணம்.

கணக்கும் எளிதானது. ஒரு தொன் பைரைற்று முழுதாக ஒட்சியேறினால் ஏறக்குறைய 1.6 தொன் சல்பூரிக்கமிலம் உண்டாகும். ஒரு தொன் கல்லில் 1 சதவீதம் சல்பைட்டுக் கந்தகம் இருந்தால், அதை முறிக்க 31.25 கிலோ கல்சியம் காபனேற்று வேண்டும். ஒரு கல் அமிலம் தருமா என்று பார்க்கும் ஆய்வுகூடங்கள் இந்த எண்ணைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கின்றன. முறிக்கும் திறனை அமிலம் தரும் திறனால் வகுக்கும்போது 1இற்குக் கீழே வந்தால் அமிலம் வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். 3இற்கு மேலே வந்தால் பெரும்பாலும் வராது. இடைப்பட்டது சந்தேகம், அதற்கு மாதக்கணக்கில் நனைத்து உலர்த்திப் பார்க்கும் சோதனைதான் விடை.

இனி நம்முடைய நிலம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பெரும்பகுதி விஜயன் தொகுதி எனப்படும் பழைய உருமாறிய பாறையின் மேல் இருக்கிறது: கறுப்பு மைக்காவும் ஹோர்ன்பிளெண்டும் கலந்த நைஸ், கிரனைற்று வகைப் பாறைகள். வீதிக்கும் வீட்டுக்கும் உடைக்கிற கருங்கல் இதுதான். இதில் சல்பைட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டுப்போல இருக்கலாம். செம்புச் சுரங்கத்திலோ நிலக்கரிச் சுரங்கத்திலோ இருப்பதுபோல அடுக்கடுக்காக இருப்பது இந்தப் பாறையின் இயல்பு அல்ல. கிழக்கில் சல்பைட்டு உள்ள பெயர்பெற்ற படிவு என்றால் வெருகலுக்கு வடக்கே, திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலையில் உள்ள செம்பு–மக்னறைற்றுப் படிவு. அங்கே சுரங்கம் தோண்டுவதாக யாராவது முன்வந்தால் இந்தக் கேள்வியை முழுப் பலத்தோடு கேட்கவேண்டும். வாகரைப் பக்கத்திலும் திருக்கோவிலிலும் எதிர்ப்பைக் கிளப்பிய இல்மனைட் மண் விவகாரம் வேறு. இல்மனைட் ஒட்சைட்டு, சல்பைட்டு அல்ல. அதிலிருந்து இந்த அமிலம் வராது. கரை அரிப்பு, கரை மணலுக்கடியில் தேங்கி நிற்கும் நன்னீருக்குள் உப்பு ஏறுவது என்று அங்கே கேட்கவேண்டிய கேள்விகள் தனியாக இருக்கின்றன.

அப்படியானால் உங்கள் வாய்க்காலில் செம்மஞ்சள் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கிரவல் கிடங்கிலிருந்து. கிரவல் இரும்பு ஒட்சைட்டு நிறைந்த மண். கிடங்கில் தண்ணீர் தேங்கி, இலையும் புல்லும் அதற்குள் அழுகும்போது அடியில் ஒட்சிசன் தீர்ந்துபோகும். அப்போது இரும்பு கரையும் வடிவுக்கு மாறி நிலத்தடி நீரோடு கசியும். வாய்க்காலில் காற்றுப் பட்டதும் செம்மஞ்சளாகப் படியும். இரும்பு கூடிய குழாய்க்கிணற்றுத் தண்ணீரை வாளியில் பிடித்துவைத்தால் காலையில் அடியில் பழுப்பு படிந்திருக்குமே, அதே வேதியியல்தான். அந்த எண்ணெய்ப் படலத்தைக் குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடி உடைவதுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பற்றீரியாவின் படலம். கீறிய இடம் உடனே மூடி மறுபடி ஒன்றுசேர்ந்தால் டீசல் அல்லது எண்ணெய். அப்போது குவாரி இயந்திரங்களைத்தான் பார்க்கவேண்டும்.

நிறம் ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் கோல்ட் கிங் சுரங்கம் நல்ல சாட்சி. 2015 ஓகஸ்டில் அங்கே அடைப்பு உடைந்து ஏறக்குறைய 1.1 கோடி லீற்றர் சுரங்க நீர் அனிமஸ் ஆற்றில் இறங்கியது. ஆறே மஞ்சளான படங்கள் உலகெங்கும் போயின. ஆனால் அப்போது ஆற்றுக்குள் போன மொத்த உலோகம், வசந்தகாலப் பெருவெள்ளம் ஓரிரு நாளில் சுமந்து செல்லும் அளவோடு ஒப்பிடத்தக்கது என்று அந்நாட்டுச் சுற்றாடல் முகவரகம் பின்னர் கணக்கிட்டது. மறுபக்கம், உண்மையிலேயே அமிலமான ஓடை கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கலாம். கரைந்த அலுமினியம் கலங்கலைத் திரட்டி அடியில் இறக்கிவிடுவதால் வரும் தெளிவு அது. பாசி இல்லை, பூச்சி இல்லை, குஞ்சு மீன் இல்லை, அடி மணல் பளிச்சென்று தெரிகிறது என்றால் கலங்கிய வாய்க்காலைவிட அதைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி உலோகம். இதில் தலைமை பிஎச் இடம். அமிலம் பெரும்பாலான உலோகங்களைக் கரைத்து வைத்திருக்கும். ஓடையில் வேறு தண்ணீர் கலந்து பிஎச் ஏற ஏற அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறும். ஒட்சியேறிய இரும்பு பிஎச் 3.5 அளவிலேயே படியத் தொடங்கும். அலுமினியம் 4.5 முதல் 5 வரையில் வெள்ளைச் சளிபோலப் படியும். இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் கல்மேல் வெள்ளைப் படலம் கண்டால் அது பெரும்பாலும் இதுதான். ஈயமும் செம்பும் 6, 7 அளவுக்குள் பெரும்பாலும் தண்ணீரைவிட்டுப் போய்விடும். அவை தாமாகப் படிவதைவிடப் புதிதாகப் படிந்த இரும்புச் சேற்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு போவதே அதிகம். நாகமும் (துத்தநாகம்) கட்மியமும் பிடிவாதமானவை. நடுநிலைத் தண்ணீரிலும் கரைந்தபடி மைல்கணக்கில் போகும். மங்கனீசு பிஎச் 9 வரை படியாது. ஆசனிக்கு மறுதலையாக நடக்கும்: அமிலத்தில் இரும்புச் சேற்றோடு இறுகி ஒட்டியிருக்கும், பிஎச் ஏறினாலோ சேறு ஒட்சிசனை இழந்தாலோ விட்டுவிடும். ஆகவே தண்ணீரின் பிஎச் 7 ஆகிவிட்டது, தப்பினோம் என்பது பாதி உண்மைதான். செம்பும் ஈயமும் அடிச்சேற்றுக்குப் போயிருக்கும். நாகமும் கட்மியமும் தண்ணீரிலேயே இருக்கலாம். அந்தச் சேற்றை வெள்ளம் கிளறினால் அல்லது மறுபடி அமிலம் வந்தால் சேர்ந்ததெல்லாம் திரும்ப வெளியே வரும்.

மீனுக்கு எது முதலில் ஆபத்து என்றால் ஈயம் அல்ல, பெரும்பாலும் அலுமினியமும் செம்பும்தான். பிஎச் 5 அளவில் அலுமினியம் செவுளின் மேலேயே படிந்து மூச்சையும் உப்புச் சமநிலையையும் கெடுக்கும். கல்சியம் குறைந்த மென்நீரில் நஞ்சு கூடும், கல்சியம் கூடிய வன்நீரில் குறையும். கல்சியம் செவுளில் உலோகத்தோடு இடத்துக்குப் போட்டியிடுகிறது. இலை ஊறிய தேநீர் நிறத் தண்ணீரில் செம்பின் நஞ்சு குறைவதும் நன்றாக நிறுவப்பட்டது. கரிமப் பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே செம்பு அளவு ஒரு குளத்தில் விராலைக் கொல்லும், இன்னொன்றில் ஒன்றும் செய்யாது. 'செம்பு இத்தனை மில்லிகிராம்' என்று மட்டும் எழுதி, நீரின் வன்மையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அறிக்கையை வைத்து மீன் பற்றி முடிவு சொல்லமுடியாது.

நெல்லில் கவலைப்படவேண்டியது கட்மியம். ஜப்பானில் ஜின்சு ஆற்றின் தண்ணீர் பாய்ந்த வயல்களில் விளைந்த அரிசியால் எலும்பு நொறுங்கும் இத்தாய்–இத்தாய் நோய் வந்தது. கமியோக்கா சுரங்கத்தின் கட்மியமே காரணம் என்று 1968இல் அரசு ஏற்றுக்கொண்டது. அங்கே வந்தது பெரும்பாலும் நாகம்–ஈயச் சுரங்கத்தின் கழிவுத் தூளும் கழிவுநீரும்; உங்கள் வாய்க்காலோடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் வயலில் அது நடந்துகொள்ளும் விதம் எங்கும் ஒன்றே. தண்ணீர் நின்ற வயலில் கட்மியம் சல்பைட்டாகப் பூட்டப்பட்டிருக்கும். கதிர் முற்றும் நேரத்தில் வயலை வடித்துக் காயவிட்டால் பூட்டுத் திறந்து மணிக்குள் ஏறும். ஆசனிக்குக்கு நேர்மாறு: தண்ணீர் நிற்கும்போதுதான் ஏறும். வடித்துவிடுங்கள் என்றோ நிறுத்துங்கள் என்றோ பொதுவாக ஒரு ஆலோசனை சொன்னால், எந்த உலோகத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள். தெஹியத்தகண்டிப் பக்கத்துச் சிறுநீரக நோயை இந்த உலோகக் கதையோடு முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. அந்த நோயின் காரணம் ஒரே ஒன்றாக இன்னும் நிறுவப்படவில்லை. ஒரு வாய்க்காலின் நிறத்தை அதற்குச் சாட்சியாக வைக்கமுடியாது.

அளக்கவேண்டியது நான்கு: பிஎச், மின்கடத்துதிறன் (கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும்), சல்பேற்று (சல்பூரிக்கமிலம் விட்டுச்செல்லும் சுவடு), காரத்தன்மை (அமிலத்தை முறிக்கும் திறன்). குவாரிக்கு மேலே ஓர் இடம், கசிவு வெளிவரும் இடம், கலந்த பிறகு ஓர் இடம் என்று குறைந்தது மூன்று புள்ளிகள். பிஎச்சை அந்த இடத்திலேயே பார்க்கவேண்டும். கருவியை அன்று காலை பிஎச் 4, 7 என்று தெரிந்த தாங்கற் கரைசல்களில் சரிபார்த்திருக்கவேண்டும். போத்தலில் அடைத்துக் கொண்டுபோனால் உள்ளே இரும்பு ஒட்சியேறிப் படியும்போது அமிலம் உண்டாகிவிடும்: லீற்றருக்கு 1 மில்லிகிராம் இரும்பு, ஏறக்குறைய 1.8 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்கு ஈடான காரத்தைத் தின்னும். இந்தக் குறையையே ஒரு சோதனையாக்கலாம். போத்தலில் பாதி தண்ணீரும் பாதி காற்றுமாக வைத்து நன்றாகக் குலுக்கி, ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு மறுபடி அளவுங்கள். 6.5இல் இருந்தது 4இற்கு விழுந்தால் அந்தத் தண்ணீருக்குள் அமிலம் ஒளிந்திருக்கிறது. விழாமல் நின்றால் அதன் காரமே அதைச் சமாளிக்கிறது.

உலோகத்துக்குத் தனிப் போத்தல். 0.45 மைக்ரோமீற்றர் வடியூடாக வடித்த பிறகுதான் பிஎச் 2இற்குக் கீழே போகும்படி தூய நைத்திரிக்கமிலம் விடவேண்டும். வரிசை மாறி, அமிலம் விட்டபின் வடித்தால் மிதந்த சேற்றிலிருந்த உலோகமெல்லாம் கரைந்து, கரைந்த உலோகம் என்று பொய்க் கணக்கு வரும். அதிகம் நடக்கும் பிழை இதுதான். சல்பேற்று, காரத்தன்மைக்குரிய போத்தலில் அமிலம் விடக்கூடாது. நிரம்ப ஊற்றி, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். எல்லா இடத்திலும் நாளின் ஒரே நேரத்தில் எடுங்கள். பாசியின் ஒளித்தொகுப்பால் பகலில் பிஎச் ஏறி நாகம் குறையும், விடியற்காலையில் கூடியிருக்கும். ஓடையில் ஒரே நாளுக்குள் பல மடங்கு மாற்றமும் வரலாம். தண்ணீர் ஓடும் அளவையும் குறியுங்கள். நேரான 10 மீற்றர் நீளத்தில் ஒரு தோடம்பழத்தை மிதக்கவிட்டு நேரம் பார்த்து, வேகத்தை அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கி, 0.85ஆல் பெருக்கினால் ஏற்கத்தக்க மதிப்பு வரும். லீற்றருக்கு 1 மில்லிகிராம் நாகம், வினாடிக்கு 10 லீற்றர் ஓட்டம் என்றால் நாளுக்கு 864 கிராம் நாகம். இந்த நாட்சுமையைப் பார்க்காமல் செறிவை மட்டும் பார்த்தால், மழையில் நீர்த்துப்போன நாளில் நிலைமை நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்.

நேரத்தெரிவு முக்கியம். கோடையில் அமிலக் கசிவு ஆவியாகி மஞ்சள், வெள்ளைச் சல்பேற்று உப்புகளாகக் கல் இடுக்கில் பூத்திருக்கும். ஐப்பசியில் விழும் முதல் நல்ல மழை அதை ஒரே தடவையில் கழுவி இறக்கும். வருடத்தின் மிகக் கெட்ட தண்ணீர் அந்தச் சில மணிநேரத்தில் போய்விடும். பெரும்போகத்துக்கு வயல் பண்படுத்தும் காலமும் அதுவே. மார்கழி வெள்ளத்தில் மாதிரி எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று எழுதிய அறிக்கைக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள்.

விடையை வாசிப்பது இப்படி. பிஎச் 6இற்கு மேல், சல்பேற்று மேற்புள்ளியில் உள்ளதைப் போலவே குறைவு, இரும்பு மட்டும் கூடுதல் என்றால் அது கிரவல் இரும்பு. பார்வைக்கு அசிங்கம், குடிக்கக் கூடாது, ஆனால் சுரங்க அமிலம் அல்ல. பிஎச் 4.5இற்குக் கீழும் சல்பேற்று லீற்றருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராமிலும் இருந்தால் சல்பைட்டு எங்கோ ஒட்சியேறுகிறது. பிஎச் 7ஆக இருந்தும் சல்பேற்று மிகக் கூடியிருந்தால் அமிலம் வழியில் முறிந்திருக்கலாம். அப்போது நாகமும் கட்மியமும் கட்டாயம் பார்க்கவேண்டும். குடிநீருக்கு இலங்கைத் தரம் 614 சொல்லும் எல்லைகள் லீற்றருக்கு மில்லிகிராமில்: இரும்பு 0.3, மங்கனீசு 0.1, சல்பேற்று 250, ஈயம் 0.01, கட்மியம் 0.003, ஆசனிக்கு 0.01. இவை குடிநீருக்கு உரியவை. மீனுக்கோ வயலுக்கோ இதே எண்ணை வைத்து வாதாடாதீர்கள். வாவிக்குக் கிட்ட எடுத்தால் சல்பேற்றை மட்டும் நம்பவும் வேண்டாம். கடல்நீரிலேயே லீற்றருக்கு 2,700 மில்லிகிராம் இருக்கிறது. குளோரைட்டையும் சேர்த்து அளந்து, அதைச் சல்பேற்றால் வகுங்கள்: கடல்நீரில் குளோரைட்டு சல்பேற்றைவிட ஏறக்குறைய 7 மடங்கு. அந்த விகிதம் 4இற்குக் கீழே வந்தால் சந்தேகம், 2இற்குக் கீழே வந்தால் சல்பைட்டு ஒட்சியேறியதற்கு வலுவான அடையாளம்.

சொல்லப்போனால், நம் கரையில் இந்த அமிலத்தை நான் முதலில் தேடும் இடம் கல்குவாரி அல்ல, வாவியோரத்துக் கறுப்புச் சேறு. கண்டல் காட்டின் அடியில், கடல்நீரின் சல்பேற்றும் அழுகும் இலையும் மண்ணின் இரும்பும் சேர்ந்து நுண்ணிய பைரைற்று உருவாகும். உலகின் பல கண்டல் நிலங்களில் இது பதிவானது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை, ஒட்சிசன் தண்ணீருக்குள் ஊடுருவும் வேகம் காற்றைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. இறால் பண்ணைக்கோ, வடிகாலுக்கோ, வீட்டு நிலம் நிரப்பவோ அதை வெட்டி வெயிலில் குவித்தால் சுரங்கத்தில் நடப்பது அப்படியே அங்கே நடக்கும். அழுகிய முட்டை மணம் அடித்த கறுப்புச் சேறு சில மாதத்தில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகளோடு காய்ந்து, முதல் மழைக்குப் பிறகு பக்கத்துக் குட்டையில் மீன் மிதந்தால் அதுதான்.

சோதிப்பது கடினமில்லை. சேற்றை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டில் பரப்பி, காயவிடாமல் ஈரமாகவே எட்டு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். பிஎச் 4இற்குக் கீழே இறங்கினால் அந்த மண் அமிலம் தரும். விரைவாகத் தெரியவேண்டுமானால் 30 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டை முன்பே பிஎச் 4.5–5.5 ஆக்கி, ஒரு கரண்டிச் சேற்றில் விட்டு, பொங்கி அடங்கிய பின் அளப்பார்கள். 3இற்குக் கீழே போனால் பைரைற்று இருக்கிறது. பொங்குவதை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது, வெறும் இலை மக்கும் பொங்கும். அந்தச் செறிவு தோலையும் கண்ணையும் எரிக்கும். ஆய்வுகூடக்காரர் கையால் செய்யவேண்டிய வேலை அது. குவித்தாயிற்று என்றால் திரும்ப உப்புத் தண்ணீருக்குள் அமிழ்த்துவது மலிவான வழி, ஆனால் அமிலம் தொடங்குவதற்கு முன்புதான். தொடங்கிய பின் அமிழ்த்தினால் சேர்ந்த அமிலமும் உலோகமும் வாவிக்குள் போகும். அப்போது சுற்றி வரம்பு கட்டி, நன்றாகத் தூளாக்கிய விவசாயச் சுண்ணாம்பைக் கலக்கவேண்டும்: உலர் மண் ஒரு தொன்னில் 1 சதவீதம் சல்பைட்டுக் கந்தகத்துக்கு, பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்கு சேர்த்து, ஏறக்குறைய 47 கிலோ. மேலே தூவிவிட்டால் போதாது. வடிகாலில் சுண்ணாம்புக்கல் கட்டிகளைப் போட்டுவிட்டு ஓடவிடுவதும் பலரும் செய்து தோற்றது. சில வாரத்தில் கல்லின் மேல் இரும்புத் தோல் படிந்து உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வேலைசெய்யாமல் போகும்.

மின்கடத்துதிறன், சல்பேற்று, காரத்தன்மை இவற்றைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலோ வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக விஞ்ஞானப் பிரிவுகளிலோ கேட்டுப் பாருங்கள். உலோகத்துக்குச் செலவழிப்பதை அந்த மூன்றின் விடை வந்த பிறகு யோசிக்கலாம். முறைப்பாடு எழுதுவதானால் சுரங்க உரிமம் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் கொடுப்பது. சுற்றாடல் பக்கம் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு. கடிதத்தில் 'தண்ணீர் சிவப்பாக இருக்கிறது' என்று எழுதாமல் மூன்று புள்ளிகளின் எண்களையும் தேதி, நேரம், ஓட்ட அளவையும் எழுதுங்கள். எண்கள் கிரவல் இரும்பு என்று காட்டினாலும் குவாரியை விட்டுவிட வேண்டாம்: கல்தூள் சேறும், வெடிமருந்திலிருந்து கரையும் நைத்திரேற்றும் அங்கிருந்து வரக்கூடியவைதான். அடுத்த மாதிரியில் கலங்கலையும் நைத்திரேற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.